ரோலண்ட் ஜூனோ-106: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அனலாக் சின்தசைசர் (மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கீபோர்டு) ஒன்றை வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் ஜூனோ-106 முன்னால்தான். என் வீட்டில் பல வருடமாக ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க வந்தவர்களும், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே பதில்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஜூனோ-106 எந்தக் காலத்துக் கருவி? அதற்கு ஏன் இவ்வளவு புகழ்?

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1984ல் வெளியிட்டது. 61 கட்டைகள், ஆறு குரல்கள் (ஒரே நேரத்தில் ஆறு சுரம்), 128 சவுண்டுகளைச் சேமிக்கும் நினைவகம், மிடி இணைப்பு (மின்னிசைக் கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசும் வழி), உள்ளேயே கோரஸ் (ஒலியை விரித்துக் காட்டும் வசதி). எடை சுமார் பத்து கிலோ. ஒருவரே தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போகலாம்.

அதற்கு முந்தைய ஆறேழு வருடத்தைப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். 1978ல் அமெரிக்காவில் ப்ராஃபெட்-5 வந்தது. செய்த சவுண்டை அப்படியே நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு பொத்தானில் திரும்பக் கொண்டுவரும் வசதி அதனால்தான் பரவலானது. 1981ல் ரோலண்ட் தன் ஜூபிடர்-8ஐக் கொண்டுவந்தது. இரண்டுமே அற்புதமான கருவிகள். ஆனால் விலை ஆயிரக்கணக்கான டாலர். பேர் பெற்ற இசைக்குழுக்களும் பெரிய ஸ்டுடியோக்களும்தான் வாங்க முடிந்தது. 1982ல் ஜூனோ-6, அடுத்து ஜூனோ-60, பிறகு 106 என்று ரோலண்ட் இறங்கி வந்தபோது, சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்து வைத்த ஒருவருக்கும் பாலிஃபோனிக் அனலாக் எட்டியது. அமெரிக்காவில் 106இன் அறிமுக விலை 1,095 டாலர்.

பாலிஃபோனிக் என்றால் சரியாக என்ன? எல்லா கீபோர்டிலும் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தலாமே?

இன்றைய கீபோர்டில் அழுத்தலாம். பழைய அனலாக்கில் அது சும்மா கிடைத்த வசதி இல்லை. ஒலியை உருவாக்க ஒரு ஆசிலேட்டர், அதைச் செதுக்க ஒரு ஃபில்டர், அளவை ஏற்றி இறக்க ஒரு ஆம்ப்ளிஃபயர் என்று நிஜமான மின்சுற்று வேண்டும். ஆரம்பகால சின்தசைசர்களில் இந்தச் சுற்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எத்தனை கட்டையை அழுத்தினாலும் ஒரு சுரம்தான் வரும். ஆறு சுரம் ஒன்றாகக் கேட்க வேண்டுமென்றால் அந்தச் சுற்று முழுவதும் ஆறு தடவை உள்ளே இருக்க வேண்டும்.

ஜூனோவைத் திறந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பலகையில் ஒரே மாதிரியான கறுப்புச் சில்லுகள் ஆறு வரிசையாக நிற்கும். ஆறு பாடகர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போல. நாம் கட்டையை அழுத்தியதும் யார் பாட வேண்டும் என்று ஒரு நுண்செயலி முடிவு செய்கிறது.

ஆறு குரல் போதுமா?

ஒரு கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) அதன் மேல் ஒரு மெட்டும் வாசிக்கப் போதும். ரிலீஸை (கட்டையை விட்ட பின் ஒலி அடங்க ஆகும் நேரம்) நீளமாக வைத்துக்கொண்டு கார்டு மாற்றினால் முந்தைய கார்டின் வால் நறுக்கென்று வெட்டுப்படும். ஏழாவது சுரத்துக்கு ஆள் இல்லாததால் ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கும் ஒருவரை அது பிடுங்கிக்கொள்கிறது. கொஞ்ச நாளில் கை தானாகவே மூன்று, நான்கு சுரங்களில் கார்டை முடித்துக்கொள்ளப் பழகிவிடும். என் வாசிப்பு சுத்தமானதே அதனால்தான்.

இதில் இருப்பது டி.சி.ஓ. என்கிறார்கள். அப்படியென்றால் இது உண்மையான அனலாக் இல்லையா?

உண்மையான அனலாக்தான். இந்தச் சந்தேகம் "டிஜிட்டல் கன்ட்ரோல்டு ஆசிலேட்டர்" என்ற பெயரிலிருந்து வருகிறது.

முந்தைய கருவிகளில் ஆசிலேட்டரின் சுதியைத் தீர்மானித்தது மின்னழுத்தம். அறை சூடானாலும் குளிர்ந்தாலும் சுதி நகரும். மேடையில் விளக்கு போட்டதும் சுதி விலகும். அதனால் பல கருவிகளில் "ட்யூன்" பொத்தானை அழுத்திவிட்டு, அது தன்னைச் சரிசெய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஜூனோவில் சுதியை ஒரு டிஜிட்டல் எண்ணி பார்த்துக்கொள்கிறது. படிகத்தின் துடிப்பை எண்ணி, "இப்போது திரும்பு, இப்போது திரும்பு" என்று சரியான நேரத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டுகளுக்கு இடையே அலையின் வடிவம் உருவாவது கெப்பாசிட்டர் ஒன்று மின்சாரம் ஏறி இறங்குவதால். அந்த ஏற்றமும், அதற்குப் பின் வரும் ஃபில்டரும் ஆம்ப்ளிஃபயரும் முழுக்க அனலாக். டிஜிட்டல் பங்கு தாளம் போடுவதோடு முடிந்துவிடுகிறது.

இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. சுதி நகரவே நகராது, இது லாபம். ஆறு குரலும் அளவுக்கு மீறிச் சுத்தமாக ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வது நஷ்டம். ப்ராஃபெட்டிலோ ஜூபிடரிலோ குரலுக்கு இரண்டு ஆசிலேட்டர். அவை லேசாக விலகி உரசும்போது தடிமன் வரும். ஜூனோவில் குரலுக்கு ஒன்றே ஒன்று. உரசுவதற்குத் துணையே இல்லை.

பிறகு எப்படி அவ்வளவு அகலமாக, இதமாகக் கேட்கிறது?

கோரஸ். இந்தக் கருவியைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். வலது ஓரத்தில் மூன்று பொத்தான்கள் இருக்கும்: ஆஃப், ஒன்று, இரண்டு. ஆஃப் நிலையில் ஒரு கார்டைப் பிடித்துக் கேளுங்கள். சுத்தமாக, கொஞ்சம் மெலிந்து, எதிரே ஒரே புள்ளியிலிருந்து வருவது போல இருக்கும். கையை எடுக்காமல் ஒன்றை அழுத்துங்கள். சுவர் நகர்ந்து அறை பெரிதானது போல ஒலி இரண்டு பக்கமும் விரியும்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஒலி பக்கெட் பிரிகேடு என்ற வகைச் சில்லுகளுக்குள் போகிறது. கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றி வீட்டுக்குக் கொண்டுபோவோமே, அதே வேலை. ஒலியின் அந்தந்தக் கணத்து மின்னழுத்தத்தை ஒரு படி அடுத்த படியிடம் கொடுக்கும், அது அதற்கடுத்ததிடம் கொடுக்கும். 106இல் இருக்கும் எம்.என்.3009 சில்லில் இப்படி 256 படிகள். கடைசிப் படிக்கு வருவதற்குள் ஒலி சில மில்லிசெகண்டு தாமதமாகிவிடும். கைமாற்றும் வேகத்தை மெதுவாகக் கூட்டிக் குறைத்தால் தாமதம் மாறும், கூடவே சுதியும் மயிரிழை ஏறி இறங்கும். ஜூனோவில் இப்படி இரண்டு வரிசை. ஒன்றில் சுதி ஏறும்போது மற்றதில் இறங்கும். ஒன்று இடப்பக்கம் போகிறது, மற்றது வலப்பக்கம். நகராத மூல ஒலி இரண்டோடும் கலந்திருக்கும்.

ஒரே சுதிக்குச் சேர்த்த இரண்டு தம்பூராக்களுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்த உணர்வு உங்களுக்குப் புதிதாக இருக்காது. சேர்ந்தும் இருக்கும், அசைந்தும் இருக்கும். இரண்டாவது ஆசிலேட்டருக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்த பொறியாளர்கள் அந்தக் குறையை எல்லாக் குரல்களுக்கும் பொதுவாக ஒரே இடத்தில், கடைசியில் ஈடுகட்டினார்கள். சுதி நகராத ஆசிலேட்டர் என்பதால்தான் இந்தக் கோரஸ் குழம்பாமல் ஒலிக்கிறது என்பது என் எண்ணம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஒலியின் மேல் இதைப் போட்டால் இவ்வளவு தெளிவு கிடைக்காது.

இரண்டாம் நிலை இன்னும் வேகமாகச் சுழலும். எனக்கு ஒன்றாம் நிலைதான் பிடிக்கும். கோரஸைப் போட்டதும் லேசாக "ஸ்ஸ்" என்ற இரைச்சல் கேட்கும். அது பழுதல்ல, அந்தச் சில்லுகளின் இயல்பு. பதிவு செய்யும்போது இரண்டு வெளியீடுகளையும் ஸ்டீரியோவாக எடுங்கள். மோனோவில் எடுத்தால் பாதி அழகு போய்விடும்.

ஃபில்டர் எப்படி?

மென்மையானது. ஸ்தாயிக்கு 24 டெசிபெல் சரிவுள்ள லோ-பாஸ் ஃபில்டர், அதாவது கீழ் ஒலிகளை விட்டுவிட்டு மேல் ஒலிகளை வெட்டுவது. ஸ்லைடரை இறக்க இறக்க மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கம்பளி போர்த்தியது போன்ற ஒலி வரும். ஏற்றும்போது கண்ணாடி மாதிரித் திறந்துகொள்ளும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் பயன்படுத்தக்கூடிய ஏதோ ஒரு ஒலி கிடைப்பது இதன் குணம்.

ஒன்று செய்து பாருங்கள். ரம்ப அலை, பல்ஸ் என்ற இரண்டு அலை வடிவங்களையும் அணைத்துவிட்டு சப் ஆசிலேட்டரையும் நாய்ஸையும் (இரைச்சல்) பூஜ்யமாக்குங்கள். இப்போது ரெசொனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டும் ஸ்லைடர்) உச்சிக்கு ஏற்றினால், உள்ளே எந்த ஒலியும் போகாமலேயே ஃபில்டர் தானாகப் பாடத் தொடங்கும். அழுத்தும் கட்டைக்கு ஏற்ப ஃபில்டரை நகர்த்தும் கீபோர்டு ஃபாலோ ஸ்லைடரையும் மேலே தள்ளினால் அந்தச் சீழ்க்கையைக் கட்டைகளில் மெட்டாகவே வாசிக்கலாம். ஆறு குரலின் ஃபில்டர்களும் ஒன்றுக்கொன்று நூலளவு வித்தியாசமாக இருப்பதை அப்போது காதால் பிடிக்க முடியும். கருவி அனலாக் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை.

அந்தப் பிரபலமான "ஜூனோ பேட்" (பின்னணியில் நீண்டு விரியும் ஒலி) சவுண்டை எப்படிச் செய்வது?

இடமிருந்து வலமாகப் போனால் போதும். ஒலி போகும் வழியும் ஸ்லைடர்களின் வரிசையும் ஒன்றுதான். ஒரு ஸ்லைடருக்கு ஒரு வேலை, மறைந்த பக்கம் எதுவும் கிடையாது. சின்தசைசர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பலகையை நான் பார்த்ததில்லை.

எல்.எஃப்.ஓ. (மெதுவாக ஆடி மற்றவற்றை அசைக்கும் ஆசிலேட்டர்) வேகம் 3. ரேஞ்ச் (ஸ்தாயி) 8 அடி. பல்ஸ், ரம்ப அலை இரண்டையும் போடுங்கள். பி.டபிள்யூ.எம். சுவிட்சை எல்.எஃப்.ஓ. பக்கம் தள்ளி ஸ்லைடரை 4க்குக் கொண்டுவாருங்கள். பல்ஸ் அலையின் அகலம் இப்போது விரிந்து சுருங்கும், ஒரே ஆசிலேட்டர் இரண்டு போல நடிக்கும். சப் 3. இது ஒரு ஸ்தாயி கீழே சதுர அலையைச் சேர்க்கும். ஹை-பாஸ் ஃபில்டர் (அடி ஒலியை வெட்டுவது) 1. லோ-பாஸ் 5, ரெசொனன்ஸ் 1, என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதம்) 3, கீபோர்டு ஃபாலோ 5. வி.சி.ஏ.வை (ஆம்ப்ளிஃபயர்) என்வலப்பில் வையுங்கள். அட்டாக் (எழும் நேரம்) 4, டிகே (இறங்கும் நேரம்) 5, சஸ்டெயின் (நிற்கும் அளவு) 7, ரிலீஸ் 5. கோரஸ் ஒன்று.

இப்போது நான்கு சுரக் கார்டு ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, இடது கையால் லோ-பாஸ் ஸ்லைடரை மட்டும் 5இலிருந்து 8 வரை மெதுவாக நகர்த்துங்கள், மெதுவாகவே திரும்பக் கொண்டுவாருங்கள். நான் முதல்முறை இதைச் செய்தபோது விளக்கைப் போட மறந்து இருட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எண்கள் ஒவ்வொரு கருவியிலும் கொஞ்சம் மாறும். காதைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பேஸ் சவுண்டுக்கு நல்லதா?

மிக நல்லது. கோரஸை அணைத்துவிடுங்கள். ரேஞ்ச் 16 அடி, ரம்ப அலை மட்டும், சப் முழுமை, லோ-பாஸ் 3, என்வலப் 5, அட்டாக் 0, டிகே 4, சஸ்டெயின் 2. முக்கியமான விஷயம் ஹை-பாஸ் ஸ்லைடர். 106இல் அதன் நான்கு நிலைகளில் பூஜ்யம் என்பது வெட்டுவதற்குப் பதிலாக அடி ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் தரை அதிரும். போலி 1, போலி 2 (Poly, பாலிஃபோனிக் என்பதன் சுருக்கம்) பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் ஆறு குரலும் ஒரே கட்டைக்கு வந்துவிடும். அதைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள்.

அழுத்தி வாசித்தால் சத்தம் கூடுமா?

கூடாது. கட்டைகள் விசையை உணராது. மிடி வழியாக வேறு கீபோர்டிலிருந்து வாசித்தாலும் அதே கதைதான். பியானோ பழகியவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். இங்கே உணர்ச்சி வர வேண்டியது ஃபில்டர் ஸ்லைடரிலிருந்தும், இடப்பக்கம் இருக்கும் பெண்டர் நெம்புகோலிலிருந்தும். அந்த நெம்புகோலை இருபுறமும் அசைத்தால் சுதி வளையும், முன்னால் தள்ளினால் அசைவு சேரும்.

ஜூனோ-60 வாங்கலாமா, 106 வாங்கலாமா?

60இல் ஆர்பெஜியேட்டர் (பிடித்த கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகத் தானே வாசிக்கும் வசதி) உண்டு, 106இல் இல்லை. 60இன் என்வலப் தனிச் சில்லுகளால் ஆனது, சுருக்கென்று தட்டும். 106இன் என்வலப்பை நுண்செயலி கணக்கிடுகிறது, சற்றே நிதானமாக இருக்கும். ஆனால் 60இல் மிடி கிடையாது. ரோலண்டின் சொந்த டி.சி.பி. இணைப்புதான். நினைவகமும் 56 சவுண்டுதான். நாதத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 60க்கு ஒரு முடி அளவு முன்னுரிமை தருவேன். கணினியோடு தினமும் வேலை செய்பவர் என்றால் யோசிக்காமல் 106.

இன்றைய கணினியோடு இணைக்க முடியுமா?

சாதாரண மிடி கேபிளும் ஒரு இன்டர்ஃபேஸும் போதும். பின்புறம் மூன்று நிலை மிடி சுவிட்ச் ஒன்று இருக்கும். முதல் நிலையில் சுரங்கள் மட்டும் போகும். மூன்றாம் நிலையில் ஸ்லைடர் அசைவுகளும் சேர்ந்து போகும். ஃபில்டரைக் கையால் நகர்த்தியதைப் பதிவு செய்து, கருவியே அதைத் திரும்ப வாசிக்கக் கேட்கலாம். மிடி 1983ல்தான் வந்தது என்பதை நினைத்தால், அடுத்த வருடமே இந்த விலையில் இவ்வளவு செய்தது பெரிய விஷயம்.

குரல் சில்லுகள் கெட்டுப்போகும் என்கிறார்களே?

நிஜம்தான். 106 வாங்க நினைக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு குரலின் ஃபில்டரும் ஆம்ப்ளிஃபயரும் 80017ஏ என்ற சிறு தொகுதிக்குள் அடங்கியிருக்கின்றன. அதன் மேல் பூசியிருக்கும் கறுப்புப் பிசின் வருடங்கள் போகப் போக மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. படபடவென்ற வெடிப்பு, ஒரு சுரம் மட்டும் மங்குவது, கட்டையை விட்ட பிறகும் அடங்காமல் முனகுவது, கடைசியில் முழு மௌனம். இவைதான் அறிகுறிகள்.

என்னுடையதில் ஒருநாள் இது வந்தது. ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் ஒரு சுரம் காணாமல் போகிறது. என் விரல்தான் வழுக்குகிறது என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரே கட்டையை எண்ணிக்கொண்டே தட்டினேன். ஐந்து முறை ஒலித்தது, ஒருமுறை ஊமை. மறுபடி ஐந்து, ஒன்று. போலி 1 நிலையில் குரல்கள் வரிசையாகச் சுற்றி வரும் என்பதால் அப்படி. கீ ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே பவரைப் போட்டால் சோதனை நிலை திறக்கும். கட்டையைத் தட்டத் தட்டத் திரையில் எந்தக் குரல் என்ற எண் வரும். நாலு வந்தபோது மட்டும் சத்தமில்லை.

தீர்வு இரண்டு. சில்லைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பிசினை முழுவதும் உரித்தெடுத்தால் பெரும்பாலும் உயிர் பெறும். இல்லாவிட்டால் இப்போது புதிதாகச் செய்யப்படும் மாற்றுச் சில்லுகளை வாங்கிப் பொருத்தலாம். இன்னொரு பழைய கருவியிலிருந்து எடுத்த சில்லைப் போடாதீர்கள், அதுவும் அதே நாளை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கும். நான் உரித்துப் போட்டது இன்றுவரை பாடுகிறது. சாலிடர் பழக்கம் இல்லாதவர்கள் தாங்களே இறங்க வேண்டாம், பலகையின் செம்புத் தடங்கள் சூட்டில் எளிதாகப் பெயர்ந்துவிடும்.

வாங்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பின்புறம் அச்சிட்டிருக்கும் மின்னழுத்தம். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தது 120. இந்தியாவிலோ இலங்கையிலோ 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அதோடு முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். சில சில்லுகள் சூடான பிறகுதான் தடுமாறும். ஒவ்வொரு ஸ்லைடரையும் முழுக்க நகர்த்தி ஒலி தாவுகிறதா என்று கேளுங்கள். தூசியால் என்றால் கான்டாக்ட் கிளீனரில் சரியாகிவிடும். கோரஸ் பொத்தான்கள் இரண்டும் வேலை செய்ய வேண்டும். விற்பவர் "ஒரு குரல் மட்டும் இல்லை" என்று சொன்னால், மற்ற ஐந்தும் வரிசையில் நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

மென்பொருள் போதாதா?

பலருக்குப் போதும், அதைத் தயங்காமல் சொல்வேன். ரோலண்டே 106இன் மென்பொருள் வடிவத்தைத் தருகிறது. டால் நிறுவனத்தின் யூ-நோ-எல்எக்ஸ் ஜூனோ-60ஐ அருமையாகப் பிடித்திருக்கிறது. பாட்டுக்குள் கலந்த பிறகு எது எது என்று என்னாலும் எப்போதும் சொல்ல முடிவதில்லை. கையில் தொட்டுத் திருப்ப ஏதாவது வேண்டுமென்றால் ரோலண்டின் சிறிய ஜே.யூ.-06ஏ இருக்கிறது, ஆனால் அதில் நான்கு குரல்தான். பழைய கருவியைத் தேடுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம், அந்த ஸ்லைடர்கள் முன்னால் உட்காரும்போது மௌஸைப் பிடித்திருக்கும்போது கேட்காத விதத்தில் கேட்கிறோம் என்பதுதான்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உள்ளே இருக்கும் சவுண்டுகளை வெளியே எடுத்து வையுங்கள். நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது பலகையில் இருக்கும் ஒரு சி.ஆர். 2032 பேட்டரி. அது தீர்ந்தால் 128ம் போய்விடும். கருவியில் கேசட்டில் சேமிக்கும் வசதி இருக்கிறது. கேசட் ரெக்கார்டருக்குப் பதிலாகக் கணினியின் ஆடியோ உள்ளீட்டில் கேபிளைச் செருகி, அந்தக் கீச்சுச் சத்தத்தை வேவ் கோப்பாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். திரும்ப ஏற்றும்போது அதையே கருவிக்குள் ஒலிக்கவிட்டால் போதும். ஒருமுறை ஏற்றிச் சரிபார்த்த பிறகே பேட்டரியைத் தொடுங்கள். புதிதாகப் போடும்போது நேராகச் சாலிடர் செய்யாமல் ஒரு ஹோல்டரைப் பொருத்திவிடுங்கள், அடுத்த தடவை மாற்றுகிறவருக்கு வேலை சுலபம்.